மதராஸ் பட்டாளம் கலைந்த கதை

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு நம் சங்கச் செயலாளர் அன்பர் பணித்தபோது, யாம் முதலில் தயங்கினோம். இரயில்வே அலுவலகத்தில் பேரேடும் பயணச்சீட்டுமாகப் பொழுது போக்கும் எழுத்தனுக்கு வரலாறு எழுதும் தகுதி ஏது? பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டவர் யாம். ஆயினும் ஒரு பொருள் பல நாளாக எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம். பிழை கண்டவிடத்து அறிஞர்கள் பொறுத்தருள்க.

முள் தைத்த நாளை முதற்கண் சொல்லிவிடுவோம். எம்முடன் பணிபுரியும் வடநாட்டு அன்பர் ஒருவர் உண்டு. நல்லவர், பகலுணவைப் பகிர்ந்துண்ணும் பழக்கமுடையவர். ஒருநாள் பேச்சுவாக்கில் அவர், “உங்கள் நாட்டார் பேனா பிடிக்கப் பிறந்தவர்கள்; துப்பாக்கி பிடிப்பது எங்கள் வேலை. வெள்ளைக்காரனே இதைக் கண்டுதானே மதராஸ் பட்டாளத்தைக் கலைத்தான்?” என்றார். கேலியாகத்தான் சொன்னார். எமக்கோ விடை கூற வாய் எழவில்லை. பேனா பிடிப்பது இழிவன்று. அதனால்தான் எம் குடும்பம் உண்கிறது. ஆயினும் பட்டாளத்தைக் கலைத்தது மெய்தானா, மெய்யாயின் எதனால் என்பதை அறியாதிருந்தோமே என்று நாணினோம்.

நாணத்திற்கு மற்றொரு காரணமும் இருந்தது. எம் பாட்டனாரின் தமையனாரை ஊரில் ‘பட்டாளத்தார்’ என்றே அழைப்பர். மதராஸ் பயனியர் படையில் இருந்தவர். அப்படை கலைக்கப்பட்ட பின்னர்க் கொச்சித் துறைமுக வேலைக்கு வந்து, தோப்பும்படியில் குடியேறினார். அவர் பின்னே பாட்டனார் வந்தார். பாட்டனார் பின்னே எம் தந்தையார். ஆக, யாம் இன்று இவ்வூரில் இருப்பதே ஒரு பட்டாளம் கலைந்ததன் பயன் எனலாம். பெரியவர் மறைந்தபோது எமக்கு எட்டு வயது. ‘ஏன் தாத்தா பட்டாளத்தை விட்டு வந்தீர்கள்?’ என்று கேட்கும் அறிவு அன்று இல்லை. கேட்கும் அறிவு வந்தபோது அவர் இல்லை. ஆகவே நூல்களை நாடினோம்.

மதராஸ் படையின் பிறப்பு ஆங்கிலேய வணிகக் கும்பினியார் சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக்காரரோடு மல்லுக்கு நின்ற காலத்தது. 1748இல் இந்தியா வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்னும் தளபதி, அதுகாறும் ஆளுக்கொரு தலைவன்கீழ் சிதறிக் கிடந்த நாட்டுச் சிப்பாய்களை ஒழுங்குபடுத்தினார். 1758 முதல் அவர்கள் முறையான பட்டாளங்களாக அமைந்தனர். சோழமண்டலக் கரையைச் சேர்ந்தமையின் ‘கரைச் சிப்பாய்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். அவ்விளம்படையில் பெயர் பெற்றவர் முகம்மது யூசுப் கான். மருதநாயகம் என்று நம்மவர் போற்றும் அவரேதாம். கும்பினிக்காக வென்றவர், பின் கும்பினியையே எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1757இல் பிளாசியில் கிளைவோடு நின்றவருள்ளும் சென்னையிலிருந்து கப்பலேறிச் சென்ற சிப்பாய்கள் இருந்தனர். வங்கத்தில் ஆங்கில ஆட்சி வேரூன்றத் தெற்கத்தியான் தோள் கொடுத்தான் என்பது பெருமையா சிறுமையா என்று அன்பர்கள் தத்தம் மனத்திற்கேற்பக் கொள்க. அவன் போரிடத் தெரியாதவன் என்பது மட்டும் பொருந்தாது.

சீரங்கப்பட்டணத்தில் 1799இலும், 1803 செப்டம்பர் 23ஆம் நாள் அசாயியிலும் மதராஸ் பட்டாளங்கள் போரிட்டன. பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி நடத்திய போர் அசாயிப் போர். அதன் நினைவாகப் பெற்ற யானைச் சின்னத்தையே இன்றும் மதராஸ் ரெஜிமெண்டு வீரர் தொப்பியில் அணிகின்றனர். 1806இல் வேலூர்க் கோட்டையில் புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறியையும் தாடியையும் விலக்கிய ஆணையும் காரணமாக வெகுண்டெழுந்தவர்களும் இப்படையினரே. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வடக்கே நிகழவிருந்ததற்கு அது முன்னோட்டம்.

1857இல் வங்கப் படையில் பெரும்பகுதி கிளர்ந்தபோது மதராஸ் படை கிளரவில்லை. அப்பொழுது மதராஸ் காலாட்படை ரெஜிமெண்டுகள் 52 இருந்தன. கிளராமல் நின்றவர்க்கு ஆதரவு பெருகியிருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ மாறானது. கிளர்ச்சியை அடக்கத் துணைநின்ற பஞ்சாபியரும் கூர்க்கரும் அரசின் கண்மணிகளாயினர். ருஷியா வடமேற்கு வழியே வரக்கூடும் என்னும் அச்சம் வளர்ந்தது. போர் என்றாலே எல்லைப்புற மலைகள் என்றாயிற்று. தென்னாடோ அமைதியாயிருந்தது. அமைதியான நாட்டில் காவல் நிற்கும் பட்டாளத்திற்குப் போர்ப்பழக்கம் எங்ஙனம் வரும்? புகழும் பதவி உயர்வும் வேண்டிய ஆங்கில அதிகாரிகள் வடக்கே போகத் துடித்தனர். எஞ்சிய அதிகாரியும் ஊக்கமிழந்தார். அவர்கீழ் நின்ற சிப்பாயும் ஊக்கமிழந்தான். பின்னர் அச்சோர்வையே சாதிக்குணம் என்று எழுதிவைத்தனர். வயலுக்கு நீர் பாய்ச்சாமல் விட்டுவிட்டு, மண் மலடு என்று தீர்ப்புக் கூறுவதை ஒத்தது இது.

அத்தீர்ப்பைக் கூறியவருள் முதன்மையானவர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைத்தலைவராயிருந்து, பின்னர் இந்தியா முழுமைக்கும் தளபதியானவர். தென்னாட்டான் வடநாட்டானுக்குப் போரில் ஈடாகான் என்னும் தம் கருத்தை 1897இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். ‘போர்க்குடிகள்’ என்று சிலரையும், ‘போருக்காகா குடிகள்’ என்று பலரையும் பிரித்த கோட்பாடு அவர் காலத்தில் வலுப்பெற்றது. அதன் விளைவாக மதராஸ் ரெஜிமெண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. அல்லது தமிழரையும் தெலுங்கரையும் விடுவித்துவிட்டுப் பஞ்சாபியரைச் சேர்த்து, கொடியும் எண்ணும் மட்டும் பழையனவாக வைத்துக்கொள்ளப்பட்டன.

இவ்விடத்தில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1759இல் திருச்சிராப்பள்ளியில் திரட்டப்பட்ட கரைச் சிப்பாய்ப் பட்டாளம் ஒன்று, 62ஆம் பஞ்சாபியர் என்று பெயர் மாறி, பின் 1ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் முதற் பட்டாளமாகி, 1947இல் பாகிஸ்தான் பங்கிற்குச் சென்றது. இன்று பாகிஸ்தான் காலாட்படையின் மூத்த பட்டாளம் அதுதான்! 1761இல் தோன்றிய மற்றொரு கரைச் சிப்பாய்ப் பட்டாளமோ 67ஆம் பஞ்சாபியராகி, இந்தியப் பாராசூட் படையின் முதற் பட்டாளமாக விளங்குகிறது. காவிரிக்கரை விதை எங்கெங்கோ முளைத்திருக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் வேறு.

1895இல் மாகாணப் படைகள் மூன்றும் ஒன்றாக்கப்பட்டன. 1903இல் கிச்சனர் பிரபு எல்லா ரெஜிமெண்டுகளுக்கும் ஒரே வரிசையில் எண்ணிட்டபோது, மதராஸ் எண்களோடு அறுபதைக் கூட்டினார். 13ஆம் மதராஸ் காலாட்படை 73ஆம் கர்நாடகக் காலாட்படையாயிற்று. 23ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை 83ஆயிற்று. 3ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை 63ஆயிற்று. ‘கர்நாடகம்’ என்றது ஆர்க்காட்டு நவாபின் பழைய கர்நாடகத்தை. இன்றைய கர்நாடக மாநிலத்தை அன்று. எண் மாறுவது சிப்பாய்க்குச் சிறு செய்தியன்று என்பர். இரயில் வண்டிகளுக்கு எண் மாறும்போது பழைய பயணிகள் படும் பாட்டைத் தினமும் காணும் எமக்கு அது எளிதில் விளங்கிற்று.

அடுத்து வருவது சொல்லக் கூசும் பகுதி. ஆயினும் மறைத்தல் தகாது. 1914 நவம்பரில், ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்னும் துறைமுகத்தைப் பிடிக்க, இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படை சென்றது. அதில் 63ஆம் பாளையங்கோட்டைப் படையும் 61ஆம் பயனியரும் இருந்தனர். எதிரே ஜெர்மானியத் தளபதி லெட்டோ-போர்பெக்கின்கீழ் ஆயிரம்பேர் அளவினரே. ஒன்றாகப் பயிற்சி பெறாத பட்டாளங்கள். கப்பலில் நெடுநாள் நெருக்கடிப் பயணம். எதிரியின் நிலை பற்றி ஒற்றுச் செய்தி இல்லை. புதரும் தோட்டமுமான இடத்தில் எந்திரத் துப்பாக்கி முழங்கியபோது பாளையங்கோட்டைப் படை நிலைகுலைந்து ஓடிற்று. போதாக்குறைக்கு, குண்டுபட்ட கூடுகளிலிருந்து காட்டுத் தேனீக்கள் கிளம்பிக் கொட்டின. ஆங்கிலப் படைக்கு அது பெருந்தோல்வி.

ஓடியது உண்மை. யாம் அதனைப் பூசி மெழுகமாட்டோம். ஆனால் அங்கே குலைந்தது பாளையங்கோட்டைப் படை மட்டுமன்று. போர்க்குடி என்று போற்றப்பட்ட 13ஆம் இராஜபுத்திரர் படையும் பின்வாங்கிற்று. போர் முடிந்த பின், பாளையங்கோட்டைப் படை கலைக்கப்பட்டது. 13ஆம் இராஜபுத்திரரின் மரபோ இராஜபுதன ரைபிள்ஸ் ரெஜிமெண்டில் தொடர்ந்தது. ஒரே களம், ஒரே குற்றம், தண்டனை மட்டும் இருவேறு. எம் வடநாட்டு அன்பருக்கு யாம் கூறக்கூடிய முதல் விடை இதுவெனத் தோன்றிற்று.

இனி நம் கதையின் மையத்திற்கு வருவோம்.

முதல் உலகப்போருக்குப் பின் 1922இல் இந்தியப் படை மறுபடியும் திருத்தி அமைக்கப்பட்டது. நான்கைந்து பழைய ரெஜிமெண்டுகளைச் சேர்த்துப் பெரிய ரெஜிமெண்டு ஒன்றாக்கி, ஒன்று பயிற்சிப் பட்டாளமாயிருந்து மற்றவற்றிற்கு ஆள் பயிற்றித் தருவது என்பது திட்டம். அவ்வாறு அமைந்ததே 3ஆம் மதராஸ் ரெஜிமெண்டு. 1776இல் தோன்றிய 73ஆம் கர்நாடகப் படை அதன் முதற் பட்டாளம். 75, 79 ஆகியவை இரண்டும் மூன்றும். மாப்பிள்ளைக் கலகத்தின்போது 1921இல் மலபாருக்கு அனுப்பப்பட்ட 83ஆம் வாலாஜாபாத் படை நான்காவது. 1794இல் தோன்றியது அது. 86ஆம் கர்நாடகப் படை பயிற்சிப் பட்டாளம். ஐம்பத்திரண்டு ஐந்தாகச் சுருங்கிய கணக்கு இது. இவற்றின் வேறாக 61, 64, 81 ஆகிய பயனியர் படைகள் சேர்ந்து 1ஆம் மதராஸ் பயனியர் ஆயின. எம் பெரியவர் சேர்ந்தது அதிலேதான்.

அதே ஆண்டுகளில் உலகின் மறுகோடியில் நடந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. ஐரோப்பாவில் லிதுவேனியா என்னும் சிறுநாடு 1918 பிப்ரவரி 16இல் தன்னுரிமை சாற்றிற்று. அவ்வாண்டு நவம்பர் 23இல் தனக்கெனப் படை அமைத்தது. உழவரின் மைந்தர்களைத் திரட்டிக் காலாட்படை ரெஜிமெண்டுகளை நிறுவி, ஒவ்வொன்றிற்கும் தன் பழம்பெருங் கோமக்களின் பெயரைச் சூட்டிற்று. முதல் ரெஜிமெண்டு கெதிமினாஸ் பெயரால் வழங்கியது. நெடுங்காலம் ருஷிய ஆட்சிக்குள் கிடந்த மக்கள் அவர்கள். போர்க்குடி என்று எவரும் சான்றிதழ் தரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1940 ஜூனில் சோவியத்துப் படை புகுந்து அந்நாட்டை விழுங்கும் வரை அந்த ரெஜிமெண்டுகள் நிலைத்திருந்தன. தன்னரசு உள்ள நாட்டான் தன் உழவனைப் படைவீரனாக்கிய அதே காலத்தில், தன்னரசு இல்லாத நாட்டில் படைவீரன் உழவனாகத் திருப்பி அனுப்பப்பட்டான்.

அனுப்பியவர் கணக்கரே. போரினால் கடன் ஏறிய இந்திய அரசு, செலவைக் குறைக்கும் வழி காண இஞ்ச்கேப் பிரபுவின் தலைமையில் குழுவொன்றை 1922இல் அமைத்தது. இஞ்ச்கேப் கப்பல் வணிகர். அவருடைய கும்பினிக் கப்பல்களைக் கொச்சிக் கரையும் நன்கறியும். படைச்செலவைக் குறைக்க வேண்டும், பட்டாளங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றது குழு. எந்தப் பட்டாளம் என்னும் வினா எழுந்தபோது, விடை ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருந்தது. 1923 தொடங்கி 1928க்குள் 3ஆம் மதராஸ் ரெஜிமெண்டின் முழுநேரப் பட்டாளங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாண்டு அல்லது மூன்றாண்டு அரைச்செலவு செய்து மெல்ல மெல்லத் தேய்ப்பதைவிட ஒரேயடியாகக் கலைத்திருக்கலாம் என்று எமக்குத் தோன்றுகிறது. மூத்த ரெஜிமெண்டு தம் முறை எப்போது வருமோ என்று காத்திருப்பது எவ்வளவு கொடுமை!

இக்குறைப்புக்கு எதிராகப் பேச நம்மவர் எவரும் இல்லையோ என்று தேடினோம். இருந்தார். தஞ்சை மாவட்டத்தில் தோன்றிய சர் பி. எஸ். சிவசாமி ஐயர், 1921 மார்ச்சில் மத்தியச் சட்டசபையில் எஷர் குழுவின் அறிக்கைமீது பதினைந்து தீர்மானங்களைக் கொண்டுவந்தார். இந்தியப் படை இந்தியாவைக் காக்கவே இருத்தல் வேண்டும். அதிகாரிப் பதவிகள் இந்தியர்க்குத் திறக்கப்படல் வேண்டும். எல்லா வகுப்பாரிலிருந்தும் ஆள் சேர்த்தல் வேண்டும் என்பன அவருடைய கொள்கைகள். வழக்கறிஞர், கல்வி வள்ளல் என்றே நாம் அவரைப் போற்றுகிறோம். படை நூல்களை அவர் அத்துணை ஆழ்ந்து கற்றிருந்தார் என்பதைப் பலர் அறியார். பின்னர் 1931இல் இந்தியப் படைக்கல்லூரி அமைப்பதற்கான குழுவிலும் அவர் இருந்தார். அதன் பயனாக 1932இல் டேராடூன் கல்லூரி திறக்கப்பட்டது. பேனா பிடித்த தமிழன் ஒருவன் துப்பாக்கி பிடிப்போனுக்காக வாதாடினான் என்பது எம் மனத்திற்கு மிக்க ஆறுதல் தந்தது.

1923இல் அரசு மற்றொரு திட்டம் வெளியிட்டது. எட்டுப் படைப்பிரிவுகளில் மட்டும் படிப்படியாக இந்திய அதிகாரிகளை நியமிப்பது என்பது அது. அந்த எட்டில் மதராஸ் பயனியரின் இரண்டாம் பட்டாளமும் ஒன்று. போரிடத் தகுதியற்றவர் என்று காலாட்படையைக் கலைத்துக்கொண்டே, மதராஸ் பயனியரை இந்திய அதிகாரிகளின் பயிற்சிக்களமாக்கினர். அரசாங்கம் என்பது பல கைகளால் எழுதும் ஒரே கடிதம் போலும்.

பயனியர் என்போர் யார் என்று இளைஞர் கேட்கலாம். துப்பாக்கியோடு மண்வெட்டியும் கோடரியும் சுமந்து முன்னே செல்வோர். வழியில்லாத இடத்தில் வழியமைத்து, வேண்டியபோது அதே இடத்தில் நின்று போரிடுபவர். இரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கூட்டத்தினரைத் தினமும் காணும் யாம், அவ்வேலையின் கடுமையை ஓரளவு அறிவோம். 1933இல் இந்தியப் படையின் பயனியர் ரெஜிமெண்டுகள் எல்லாம் கலைக்கப்பட்டன. மதராஸ் பயனியரும் கலைந்தது. பயிற்சி மிக்க சிலர் பெங்களூரில் நிலைபெற்ற மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படைக்குப் போயினர். ‘தம்பிகள்’ என்று அன்போடு அழைக்கப்படும் அப்படையை மட்டும் எந்தக் குழுவாலும் அசைக்க இயலவில்லை. பாலம் கட்டத் தெரிந்தவனைக் கலைத்துவிட்டால் படை ஆற்றை எப்படிக் கடக்கும்?

எஞ்சியோர் ஊர் திரும்பினர். எம் பெரியவர் தம் இருபத்தைந்தாம் வயதில் ஒரு தகரப் பெட்டியோடு ஊர் வந்தார். மழை பொய்த்த காலம் என்றும், நிலத்தில் பங்கு கேட்க மனமில்லை என்றும் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது கொச்சியில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவனுக்கு வேலை இருந்தது. 1920இல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டியெடுத்து, அள்ளிய சேற்றால் காயலில் ஒரு தீவையே உருவாக்கினார். அதுவே வில்லிங்டன் தீவு. 1928 மே 26ஆம் நாள் ‘பத்மா’ என்னும் கப்பல் உட்துறைமுகத்துள் நுழைந்தது. மதராஸ் காலாட்படை கலைந்து முடிந்ததும் அதே ஆண்டு என்பதை எண்ணிப் பார்த்தோம். அங்கே ஒரு வாயில் அடைபட்டது. இங்கே ஒரு வாயில் திறந்தது.

பெரியவர் துறைமுக வேலையில் கூலிக்காரராகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் மேஸ்திரியானார். கொச்சி சமஸ்தானத்து மண்ணில் குடியிருந்துகொண்டு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டைக் கொச்சிக்குக் கடைக்குச் சென்று வருவாராம். ‘ஒரே நாளில் இரண்டு அரசாங்கத்துக்குச் சலாம் போட்டேன்’ என்று சிரிப்பார் என்று தந்தையார் கூறுவர். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பித்தளைப் பாத்திரங்களைத் தாமே புளியிட்டுத் துலக்கி வெயிலில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார். அவ்வரிசையில் ஒரு செம்பு சற்று விலகியிருந்தாலும் பொறுக்கமாட்டார். இஃது எமக்கே நினைவிருக்கிறது.

3ஆம் மதராஸ் என்னும் பெயர் முற்றிலும் மறையவில்லை. ஆண்டில் சில வாரம் பயிற்சி பெற்றுப் பின் தத்தம் தொழிலுக்குத் திரும்பும் டெரிட்டோரியல் பட்டாளங்கள் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்திருந்தன. அவையே அப்பெயரைச் சுமந்து வந்தன. அணைந்த அடுப்பின் சாம்பலுக்குள் தணல் இருந்தது போல என்று சொல்லலாம்.

அதற்குள் 1933இல் மாக்மன் என்னும் தளபதி ‘இந்தியாவின் போர்க்குடிகள்’ என்று ஒரு நூலே எழுதி வெளியிட்டார். கோட்பாடு நூலேறிப் பத்தாண்டு நிறைவதற்குள் இரண்டாம் உலகப்போர் அதனைக் கிழித்தெறிந்தது. போரின் முடிவில் இந்தியப் படையில் இருபத்தைந்து இலட்சம் பேர். போர்க்குடிகளை மட்டும் நம்பி அத்தொகையை எட்டவியலுமோ? தெற்கே ஆள் தேடி வந்தனர். டெரிட்டோரியல் பட்டாளங்கள் 1941 முதல் முழுநேரப் பட்டாளங்களாக்கப்பட்டன. 1942இல் கோயமுத்தூரை அடுத்த மதுக்கரையில் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம் தோன்றியது. எர்ணாகுளத்திலிருந்து கோவை செல்லும் அன்பர்கள் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்ததும் மதுக்கரை நிலையத்தைக் காணலாம். வண்டி பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. கலைக்கப்பட்ட வாலாஜாபாத் படையின் மரபேந்திய நான்காம் பட்டாளம் பர்மாப் போர்முனையில் 20ஆம் டிவிஷனோடு நின்றது. ஓடும் குடி என்று சொல்லப்பட்டவர்கள் அங்கே ஓடவில்லை.

சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் செய்ததையும் சொல்லாமல் விடவியலாது. 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, கண்ணிவெடி ஒன்று வெடிக்கப்போவதை அறிந்து, உடனிருந்தோரைக் காக்கத் தம் உடலை அதன்மேல் கிடத்தி உயிர் துறந்தார். ஜார்ஜ் சிலுவை விருது அவருக்கு மறைவின் பின் வழங்கப்பட்டது. அந்த ஒரு கணத்தில் எந்தக் கோட்பாட்டை அவர் எண்ணியிருப்பார்?

1945இல் எண் நீங்கி ‘மதராஸ் ரெஜிமெண்டு’ என்றாயிற்று. 1947இல் பயிற்சி நிலையம் நீலகிரி வெல்லிங்டனுக்கு மாறிற்று. இன்றும் அங்கேயே உள்ளது. 1948இல் காஷ்மீரத்துத் தித்வால் பகுதியில் முதற் பட்டாளம் போரிட்டது. 1776இல் தோன்றிய 73இன் மரபினதாகிய அப்பட்டாளம், 1979இல் அமைந்த எந்திரக் காலாட்படையின் முதற் பட்டாளமாயிற்று. திருவிதாங்கூர், கொச்சி, மைசூர் சமஸ்தானப் படைகளும் மதராஸ் ரெஜிமெண்டில் இணைந்தன. ஆகவே நாம் வாழும் இக்கொச்சி நாட்டுப் படையும் பழைய மதராஸ் மரபோடு ஒன்றாய்க் கலந்தது. தமிழர், மலையாளியர், தெலுங்கர், கன்னடியர் எல்லாரும் ஒரே யானைச் சின்னத்தின்கீழ் நிற்கின்றனர். ‘வீர மதராஸி, அடி கொல்லு’ என்று அவர்கள் எழுப்பும் போர்க்குரலில் எவர் தாய்மொழி எது என்று பிரித்தறிதல் அரிது.

இவ்வளவும் திரட்டிய பின் எம் வடநாட்டு அன்பரிடம் ஒருநாள் பகலுணவு வேளையில் கூறினோம். டாங்காவையும் மறைக்காமல் சொன்னோம். அவர் அமைதியாகக் கேட்டார். இடையில், பாராசூட் படையின் முதற் பட்டாளம் தோன்றிய வரலாற்றைச் சொன்னபோது, தம் சிற்றப்பா அதில் பணியாற்றியவர் என்றார். “அவரும் கரைச் சிப்பாயின் வாரிசுதானே அப்படியானால்?” என்று யாம் கேட்கவே, உரக்கச் சிரித்து, தம் பாத்திரத்திலிருந்த ஊறுகாயை எம் பக்கம் நகர்த்தினார்.

பெரியவரின் தகரப் பெட்டி இன்னும் எம் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. விடுவிப்புச் சான்றிதழைக் கரையான் அரித்துவிட்டது. தேதியுள்ள மூலை மட்டும் சிறிது எஞ்சியுள்ளது; ‘1933’ என்பதைப் படிக்கலாம். சீருடைப் பித்தளைப் பொத்தான்கள் ஐந்து உள்ளன. சென்ற ஆயுதபூசையன்று எம் இளைய மகள் அவற்றைப் புளியிட்டுத் துலக்கி, எம் அலுவலக முத்திரைக்கட்டைக்கும் மைப்பெட்டிக்கும் அருகே வரிசையாக வைத்தாள்.